வட்டத் தகடு – நான்கு

அரசாங்கத்துக்குச் சொந்தமான இயந்திரம் எதையும், அதற்கென எழுத்தில் நியமிக்கப்பட்ட அலுவலரைத் தவிர வேறு எவரும் திறக்கவோ, கழற்றவோ, திருத்தவோ கூடாது. எங்கள் திணைக்களத்தின் உள்ளகச் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்லியது. அதை வரைந்து தட்டச்சுக்குக் கொடுத்தவன் நானே என்பதால் ஐயத்துக்கு இடமில்லை. அதற்கென எவரையும் எழுத்தில் நியமிக்க யாரும் நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே விதிப்படி எங்கள் பதுளை அலுவலகத்தில் பழுதான இயந்திரம் பழுதாகவே இருந்து, உரிய காலத்தில் கழிக்கப்பட்டு, ஏலத்தில் போகவேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் போயின.

அந்த ஒழுங்குக்கு ஒரே இடைஞ்சல் அவர்தான்.

எந்தத் திணைக்களம் என்றும், அவர் பெயர் என்ன என்றும் எழுதமாட்டேன். என் ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது, இனியும் வரவேண்டும்.

அவர் எங்கள் அமைய ஊழியர். கதவு திறப்பார், கோப்பு தூக்குவார், தபாற்பை எடுத்து வருவார், தேநீர் ஊற்றுவார். நிரந்தர நியமனம் மட்டும் இல்லை. எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் சுற்றப் பழகி, தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்ததும் எங்களிடம் வந்தவர். ஒல்லியான உடம்பு. மழையோ வெயிலோ, சட்டைக் கொலரின் பின்னால் ஒரு குடை தொங்கும். பதினாறு வருடமாகத் தற்காலிகம். அந்தப் பதினாறு வருடத்தில் என்னுடைய சம்பள உயர்வுப் படிவங்கள் அத்தனையையும் பணிப்பாளரின் மேசைக்குச் சுமந்தவர் அவரே.

யாராவது ஒரு பொருள் காணாமல் போய்விட்டது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தன் வீட்டுப் பெண்களைப் பற்றி யாரோ தவறாகப் பேசியதுபோல முகம் சுருங்கும்.

"காணாமப் போகலைங்க. யாருகிட்டயோ இருக்கு," என்பார்.

சொல்லிவிட்டு விடமாட்டார். அதுதான் தொல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ரோனியோ இயந்திரத்தின் கைப்பிடி இல்லாமல் போயிற்று. கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் இயந்திரம். கைப்பிடி இல்லையென்றால் அது வெறும் இரும்புப் பெட்டி. நான் முறைப்படி இழப்பு அறிக்கை எழுதினேன், விசாரணைக் குழு அமைத்தேன், குழு இருமுறை கூடித் தேநீர் குடித்தது. மூன்று மாதம் கழித்து அவர் ஒரு திருமணத்துக்காக மொனராகலை போயிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தான். இவர் சாறு கேட்கவில்லை. குனிந்து அவன் சுற்றிய கைப்பிடியைப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, இதுல கறுப்பு மை ஒட்டியிருக்கே, கரும்புல ஏது மை?"

அடுத்த திங்கட்கிழமை கைப்பிடி என் மேசையில் இருந்தது. இனிப்பு வாசம் அடித்தது. அதற்குப் பிறகு எங்கள் சுற்றறிக்கைகளை எறும்பு மொய்த்தது. அதுவரை அவற்றை யாரும் மொய்த்ததில்லை.

இன்னொரு முறை, பொருட்பதிவேட்டில் ஐந்து மின்விசிறி, கூரையில் நான்கு. நான் அதை ‘சரிபார்க்கப்பட வேண்டியது’ என்று பென்சிலால் குறித்து ஆறு வருடம் கண்ணியமாகக் கடத்தியிருந்தேன். அவரோ ஒருநாள் நடுக்கூடத்தில் தேநீர்த் தட்டோடு நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "அஞ்சாவது ஃபேன் பண்டாரவளையில சுத்துதுங்க சேர். நல்ல காத்து வருதாம்," என்றார். எங்கள் கணக்காளரின் மாமியார் வீடு பண்டாரவளையில் இருந்தது. கணக்காளர் இரண்டு நாள் சுகவீன விடுமுறை எடுத்தார். விசிறி தானாகவே திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் அமைய ஊழியர் நடந்துபோனால் சில மேசைகளில் இழுப்பறைகள் மூடிக்கொள்ளும். எனக்கும் அவரைக் கண்டு ஓர் அச்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் எதையும் எடுத்தவனல்ல. ஆனால் எதையும் தேடியவனுமல்ல.

கணினி விஷயம் இப்படித்தான் அவரிடம் போயிற்று. இரண்டாயிரத்து ஒன்றில் அலுவலர்களுக்கு ஒரு வாரக் கணினிப் பயிற்சி வைத்தார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்து படித்தோம். அவர் பின்னால் நின்று தேநீர் கொடுத்தார். கிழமை முடிவில் எங்களுக்குச் சீட்டு விளையாடத் தெரிந்திருந்தது. அவருக்கு மற்றதெல்லாம் தெரிந்திருந்தது. சான்றிதழும், பாடம் அடங்கிய சீடி இறுவட்டுகளும் எங்களுக்குத்தான் தந்தார்கள்.

பிறகு ஒரு வெளிநாட்டுத் திட்டம் எங்களுக்கு ஒரு மடிக்கணினியை அன்பளிப்பாகத் தந்தது. அலுவலகத்துக்கு அது ஒன்றுதான். பணிப்பாளர் அறையில், துணி போர்த்தி, சாமிப்படம்போல வைத்திருந்தோம்.

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் கொழும்பு அமைச்சிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நீண்டகால அமைய ஊழியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பெயர்ப்பட்டியல் மாத முடிவுக்குள், அவர்கள் சொன்ன அட்டவணையில், மின்னஞ்சலில் மட்டுமே வரவேண்டும். தபாலில் வருபவை கவனிக்கப்படமாட்டா. அத்தோடு, ஒப்புதல் கடிதம் அலுவலகத்துக்குக் கிடைக்கும் நாளில் ஊழியருக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது.

எங்களிடம் ஆறு பேர். ஐந்து பேர் முப்பதுகளில் இருந்தார்கள். அவருக்கு ஜூன் பதினோராம் திகதி நாற்பத்தைந்து. இந்த முறை தவறினால் சாகும்வரை தற்காலிகம், ஓய்வூதியம் இல்லை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

அந்தக் கிழமை பார்த்துப் பணிப்பாளரின் மைத்துனர் வந்து, கணினியில் வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுவிட்டு, பகல் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் திறந்தால் எழுத்துகள் சுவரொட்டி அளவுக்கு இருந்தன. நிறம் வெளிறியிருந்தது. சத்தம் இல்லை. தொலைபேசிக் கம்பியைச் செருகினால் அது தன்னிடம் அப்படி ஒரு துவாரம் இருப்பதையே மறுத்தது. கணினி தன் உறுப்புகளைப் பட்டியலிடும் பக்கத்தை அவர் திறந்து காட்டினார். வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள்.

"உதென்ன காணும்?" என்று கேட்டேன்.

"பெரட்டு மாதிரிங்க சேர்." தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். "ஆளு வந்து வரிசையில நிக்குது. ஆனா செக்ரோல்ல பேரு இல்ல. கணக்கப்பிள்ளைக்கு ஆளையே தெரியல. அப்ப யாரு வேலை குடுப்பா?"

"பெயரை எழுதிவிட வேண்டியதுதானே."

"அதுக்குத்தான் டிரைவர்னு ஒன்னு வேணும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒன்னு. போன் கம்பி செருகுற மோடத்துக்கு உள்ளது இல்லாம ஈமெயில் போகாது. இன்டர்நெட்ல கிடைக்கும்."

"அப்ப அதிலை எடும்."

"இன்டர்நெட்டுக்குப் போறதுக்குத்தான் சேர் மோடம் வேணும்."

சுற்றறிக்கைகளோடு ஏறக்குறைய நாற்பது வருடம் வாழ்ந்தவனுக்கு அந்தத் தர்க்கம் மிகவும் பரிச்சயமாக இருந்தது. அந்த இயந்திரத்தின்மேல் முதல் தடவையாக எனக்கு மரியாதை வந்தது.

கடைவீதியில் ஒரு தொடர்பாடல் நிலையம் இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பட்டியலைத் தட்டச்சுச் செய்து அனுப்பியிருக்கலாம். அவர் அதைக் கேட்கவும் கேட்டார். தனிநபர் கோப்புகள் அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கிருந்து டிரைவரை இறக்கி வருவதையும், வெளிச் சரக்கு அரச கணினியில் ஏறக் கூடாது என்று, சேர்த்தே மறுத்தேன். கோப்பு அலுமாரியின் சாவி எந்தக் குவளைக்குள் கிடக்கிறது என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் அதைத் தொடவில்லை. நானோ கணினிக் கம்பனியின் கொழும்பு முகவருக்கு டிரைவர் கேட்டுப் பதிவுத் தபாலில், மூன்று பிரதிகளோடு, பணிப்பாளரின் ஊடாக ஒரு கடிதம் எழுதினேன். முகவரின் பதில் நான் ஓய்வுபெறும்வரை வரவில்லை. கோப்பை அடுத்தவரிடம் ஒழுங்காகக் கையளித்துவிட்டு வந்தேன்.

"சேர், இது வந்தப்ப கூட நாலு தகடு வந்துச்சே. டிரைவரெல்லாம் அதுலதான் இருக்கும்," என்றார் அவர்.

"அது காணாமல் போயிட்டுது."

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அலுமாரிக்குப் போய், போன வருடத்து ஏலக் கோப்பைத் தூக்கி வந்து, பக்கத்தைத் திறந்து, பத்திரிகை வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தார்.

"வட்டத் தகடு, நான்கு. பயன் அறியப்படவில்லை. கழிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

கீழே என்னுடைய கையொப்பம்.

நடந்தது இதுதான். மடிக்கணினியோடு வந்த உறுதிச்சீட்டில் ‘கணினி ஒன்று, பை ஒன்று, வயர் ஒன்று’ என்றே இருந்தது. சீட்டில் இல்லாத பொருள் களஞ்சியத்தில் இருந்தால் கணக்காய்வில் கேள்வி வரும். கேள்வி வராமல் இருக்க நல்ல வழி, பொருள் இல்லாமல் இருப்பது. ஆகவே அந்தத் தகடுகளை உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து ஏலத்தில் விட்டேன். முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

"கையெழுத்து அழகா இருக்குங்க சேர்," என்றார்.

கோப்பை மூடி வைத்தார். குற்றம் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன்.

ஏலத்தில் எடுத்தவர் கடைவீதியில் பழைய சாமான் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் முதலாளி. அன்று மத்தியானமே அவரிடம் போனோம். நான் ஏன் போனேன் என்றால், கழித்து விற்ற அரச பொருளைத் திரும்பப் பெறுவதற்கு எந்த விதியும் இல்லை. விதி இல்லாத இடத்துக்குப் பொறுப்பான அலுவலர் நேரில் போகவேண்டும் என்று அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு விதி இயற்றிக்கொண்டேன்.

"பளபளன்னு ஈந்திச்சே, அந்தத் தகடா?" என்றார் முதலாளி. "அதை அன்டைக்கே ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பொம்புளை ஒண்டு கொண்டு போய்ட்டுது. குருவி வெரட்டவாம்."

"எந்த லயம் நானா?" என்று இவர், முஸ்லிம்களை அண்ணன் முறையில் கூப்பிடும் வழக்கப்படி, கேட்டார்.

"ஒன்ட ஆளுங்க எந்த லயம்ணு என்னட்டயா கேக்கிறாய்?"

"சரிங்க நானா. ஸ்பிரிங்வெளியில இருக்கு. அது போதும்."

அன்றைக்கு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி, இறங்கி, லயம் லயமாக நடந்தோம். அவர் வீடுகளைப் பார்க்கவில்லை. வீடுகளுக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்திகளை மட்டுமே பார்த்தார். நான் குடையோடு, கழுத்துப்பட்டியோடு, பதினைந்து பாத்திகள் பார்த்தேன். மூன்றாவது லயத்தில் ஒரு போஞ்சிப் பாத்தி. கொடி படர்ந்த கம்புகளுக்கு நடுவே நூல் கட்டி, ஒன்பது இறுவட்டுகள் தொங்கின. காற்றுக்கு அவை சுற்ற, வெளிச்சம் என் முகத்தில் அடித்து அடித்துப் போயிற்று. அவர் கொடிகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் வாசித்தார்.

"இது யாரோ கல்யாண வீடியோங்க. இது பாட்டு. இதுவும் பாட்டு. ம்... இந்தா இருக்காரு நம்ம ஆளு."

பாத்திக்குச் சொந்தக்காரி கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே வந்து நின்றாள்.

"யாருங்க அது, என் போஞ்சிக்குள்ள?"

"கவுர்மென்ட்டுங்க அக்கா," என்றார் இவர். "உங்க தகட்டுல நாலு நம்ம ஆபீஸ் சாமான். கொஞ்சம் வேணும்."

"காசு குடுத்துல்ல வாங்குனேன்?"

"இல்லைன்னு யாரு சொன்னா? வித்தவரு இந்தா நிக்கிறாரு, கேட்டுக்குங்க."

அவள் என்னைக் கழுத்துப்பட்டியிலிருந்து சப்பாத்துவரை பார்த்தாள்.

"பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கு. இதை அவுத்துட்டா குருவி வந்து பூவெல்லாம் கொத்திரும். யாரு வெரட்டுறது? இவர விட்டுட்டுப் போறீங்களா?"

"அவரு ஆடமாட்டாருக்கா. குருவி பயப்படாது," என்றார் அவர்.

நான் அவரை அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தன் பையிலிருந்து நான்கு புதிய இறுவட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டார். எங்கள் கணினிப் பயிற்சியில் கிடைத்தவை. அலுவலர்களின் மேசைகளில் பிரிக்கப்படாமல் கிடந்தவற்றைப் பொறுக்கி வந்திருக்கிறார். அவள் ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்து, "இது நல்லா மினுங்குது," என்று திருப்தியோடு வாங்கிக்கொண்டாள். அந்தப் பயிற்சி யாருக்காவது பயன்பட்டது அப்போதுதான்.

மறுநாள் அலுவலகத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு வருட வெயிலிலும் காற்றிலும் கம்பு உரசி உரசித் தகடுகள் கீறல் விழுந்திருந்தன. எச்சம் வேறு. பயப்படாத குருவியும் இருந்திருக்கிறது. அவர் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பற்பசையை விரலில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்து இழுத்துத் தேய்த்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல இருந்தது. முதல் தகடு திரையைச் சரிப்படுத்தியது. இரண்டாவது ஒன்றுக்கும் ஆகவில்லை. மூன்றாவதில் சத்தம் வந்தது. நான்காவதுதான் மோடம், அது ஒரு மணித்தியாலம் முனகிவிட்டு வழிவிட்டது. ஆனால் அதற்குள் பதினொரு வகை மோடத்துக்கான டிரைவர்கள் இருந்தன. எங்களுடையது எது என்று கணினி சொல்லவில்லை.

"உள்ள இருக்கிற சில்லுல பேரு எழுதியிருக்கும் சேர். பின்மூடியைக் கழட்டிப் பாக்கணும்."

விதியை நான் வாய்விட்டுச் சொன்னேன். முழுவதுமாக, நிறுத்தற்குறிகள் தெரியும்படி. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் முடிய இரண்டு நாள்.

"எழுத்து பொடிசா இருக்கும். உங்க கண்ணாடியைக் கொஞ்சம் தாங்க," என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். அது வெள்ளெழுத்துக் கண்ணாடி; அது இல்லாமல் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் தெரியாது. ஆகவே அவர் மூடியைத் திறந்ததை நான் பார்க்கவில்லை என்று எந்த விசாரணைக் குழுவின் முன்னும் சத்தியம் செய்வேன். என் கண்ணாடியை உருப்பெருக்கிபோலப் பிடித்து அவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் காகிதத்தை எட்டத் தள்ளிவைத்து எழுதினேன். ஏழாவது வகை. போட்டார். கேள்விக்குறி மறைந்தது. தொலைபேசிக் கம்பியைச் செருகியதும் கணினி, கழுத்தைப் பிடித்த கோழிபோலக் கத்தியது.

"வந்துருச்சுங்க," என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

பட்டியலை நான் வாசிக்க அவரே தட்டச்சுச் செய்தார். ஆறாவது பெயர் அவருடையது. மற்ற ஐந்து பெயரையும் ஒரு முறைதான் சரிபார்த்தார். தன் பெயரையும் ஒரே முறைதான் பார்த்தார். அன்றே அனுப்பினோம்.

மே மாதம் முழுவதும் ஒன்றும் வரவில்லை. அவர் தினமும் தபாற்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பிரிக்கும்வரை நிற்காமல் தேநீர் ஊற்றப் போய்விடுவார். ஜூன் முதற்கிழமையில் நான் கொழும்புக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். ஒருவர் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார், இன்னொருவர் கீழே வந்திருக்கிறது என்றார்.

"யாருகிட்டயோ இருக்குங்க சேர்," என்றார் அவர். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.

பதினோராம் திகதி போயிற்று. அன்றைக்கு அவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலப் போனார்.

பன்னிரண்டாம் திகதி பகல் தபாலில் அமைச்சின் முத்திரையோடு ஒரு பழுப்பு உறை. ஜூன் மூன்றாம் திகதி கையொப்பமிட்ட கடிதம் கொழும்பிலிருந்து பதுளை வர ஒன்பது நாள் எடுத்திருக்கிறது. ஆறு பெயருக்கும் ஒப்புதல். அவர் மேசைக்கு எதிரே நின்றார். நான் வாசித்துவிட்டு நிமிர்ந்ததும், என் முகத்தைப் பார்த்து அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லைங்க சேர். அஞ்சு பேருக்குக் கிடைச்சிருக்குல்ல," என்றார். குடையைச் சரிசெய்தார். கை அதில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

"கதவைச் சாத்திவிட்டு வாரும்," என்றேன்.

அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் வந்த திகதியை முத்திரையிட்டு, பதிவேட்டில் ஏற்றி, நாள் முடிவில் சிவப்பு மையால் கோடிடுவது என் வேலை. முப்பத்தெட்டு வருடம் பிசகாமல் செய்தது. பதிவேட்டைப் புரட்டினேன். பத்தாம் திகதிப் பக்கத்திலும் இடம் இருந்தது. ஆனால் கடைசி நாளில் வந்த கடிதத்தைக் கணக்காய்வாளர்கள் முகர்ந்து பார்ப்பார்கள். ஒன்பதாம் திகதியின் சிவப்புக் கோட்டுக்கு மேலே சரியாக ஒரு வரி எழுத இடம் கிடந்தது. எழுதினேன். முத்திரையின் இறப்பர்ச் சக்கரத்தை மூன்று பல் பின்னால் திருப்பிக் கடிதத்தில் குத்தினேன். தபாற்கந்தோர் முத்திரை விழுந்த உறையைக் கோப்பில் வைக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

அவர் தலைகீழாகவே வாசித்துவிட்டார்.

"சேர், இன்னைக்கு பன்னெண்டுங்க."

"எனக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியும். போய்த் தேத்தண்ணி ஊத்தும். சீனி கூட."

அவர் போனார். வாசலில் ஒருமுறை நின்றார், திரும்பவில்லை, போய்விட்டார். அன்று தேநீர் வர நெடுநேரம் எடுத்தது.

சந்தேகம் உள்ளவர்கள் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். அமைச்சின் பதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் திகதி.